பினாங்கில் பிறந்தவர், பினாங்கில் மறைந்தவர்

பினாங்கு என்றதும் நாசி கண்டார், பத்து ஃபிரிங்கி, தண்ணீர்மலை முருகன் என்றுதான் நினைவுக்கு வரும். போன பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு நாளை வேறு விதமாகக் கழித்தேன். அந்த ஊரில் பிறந்தவர்களையும் மறைந்தவர்களையும் தேடிப் போனோம்.

முதலில் ஜாலான் பி. ரம்லி. அங்குள்ள சிறிய பலகை வீட்டில் 1929 மார்ச் 22இல் பிறந்தார் பி. ரம்லி. தந்தை ஆச்சேயிலிருந்து வந்த கடலோடி. ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த ‘பக்தி’ (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்றதும் பிள்ளைகளின் முகம் மலர்ந்தது. ஆனால், கடைசிக் காலத்தில் வாய்ப்புகள் குறைந்து, 1973 மே 29இல் கோலாலம்பூரில் மறைந்தபோது ரம்லிக்கு வயது 44தான். டான்ஶ்ரீ பட்டம் 1990இல் வந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அடுத்து, 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல். ரம்லி படித்த இந்தப் பள்ளியின் இன்னொரு மாணவர் டாக்டர் வூ லியன் தே. 1879இல் பினாங்கில் ஒரு பொற்கொல்லருக்குப் பிறந்தவர். மஞ்சூரியாவில் 1910-11இல் கொள்ளைநோய் பரவியபோது, அது காற்று வழியே தொற்றுகிறது என்று கண்டு, பஞ்சும் மெல்லிய துணியும் அடுக்கிய முகக்கவசத்தை அணிய வைத்தார். கோவிட் காலத்தில் நாம் அணிந்ததற்கு அவர் ஒரு முன்னோடி. பின்னர் ஈப்போவில் வைத்தியம் பார்த்தவர், 1960 ஜனவரி 21இல் பிறந்த ஊரிலேயே கண்மூடினார்.

மாலையில் ஜாலான் சுல்தான் அகமது ஷாவிலுள்ள பழைய புராட்டஸ்டண்டு கல்லறைத் தோட்டம். கெம்போஜா மர நிழலில், 1786இல் இத்தீவில் பிரிட்டிஷ் கொடியேற்றிய பிரான்சிஸ் லைட்டின் கல்லறை. இங்கிலாந்தில் பிறந்தவர், 1794இல் இங்கே மலேரியாவில் இறந்தார்.

“நம்ம ஆளுங்க யாரும் இல்லையாப்பா?” என்று மகள் கேட்டாள்.

இருக்கிறார்கள். அவளுடைய எள்ளுத்தாத்தாவும் கப்பலில் வந்து இறங்கியது இந்தப் பினாங்கில்தான். பிறகு கெடாவில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டி, அங்கேயே இறந்தார். பிறந்த ஊர், இறந்த தேதி எதுவும் எழுத்தில் இல்லை. கல்லும் இல்லை, சாலையும் இல்லை.

அவர் பெயரைச் சொல்லத் தெரிந்த கடைசி ஆள் என் அம்மா. வயது 79. அன்றிரவு ஹோட்டல் அறையிலிருந்து அவரை அழைத்தோம். அம்மா சொல்லச் சொல்ல, மகள் தன் பள்ளி நோட்டில் எழுதினாள்: ஐந்து பெயர்கள், மூன்று ஊர்கள், ஒரு தோட்டம்.

அடுத்த முறை பினாங்கு போனால் ரம்லி வீட்டையும் பார்த்து வாருங்கள். அதற்கு முன், உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு நோட்டோடு உட்காருங்கள்.