காகிதக் கொக்கும் மூன்று வரியும்

திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட எங்கள் வட்டாரத்தில், ஏரிகளையும் வயல்களையும் அடுத்து ஆலைகள் எழுந்துவிட்டன. 2010 ஆம் ஆண்டு ஒரகடத்தில் ரெனோ–நிசான் வாகன ஆலை திறக்கப்பட்டது. வேறு ஜப்பானியத் தொழிலகங்களும் வந்தன. வேலைக்குச் செல்லும் அத்தாமார் வழியாக அந்நாட்டுச் சொற்கள் நம் பிள்ளைகளின் நாவிலும் ஏறின. ‘கைசன்’ என்றால் இடையறாத மேம்பாடு என்று மாலை மதரஸாவில் பத்து வயதுப் பையன் ஒருவன் நமக்கே பாடஞ்சொன்னான்.

ஒருநாள் அவன் காகிதத்தில் மடித்த கொக்கு ஒன்றைக் கொண்டுவந்தான். ஆலையில் ஜப்பானியர் ஒருவர் அவன் அத்தாவுக்குக் கற்பித்ததாம். உயிருள்ளதன் உருவமாயிற்றே என்று முகஞ்சுளித்து, “பிரித்துவிடு” என்றோம். மறுபேச்சின்றிப் பிரித்தான். மடிப்புக் கோடுகள் மட்டும் மறையவில்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களிடையே துணிச்சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா எனப் பெருமானார் (ஸல்) வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று அன்னையார் விடை பகர, அண்ணலார் சிரித்தார்கள். அபூதாவூதில் வரும் இச்செய்தியை எத்தனையோ முறை ஓதிக்கொடுத்தும், வேண்டிய வேளையில் மறந்தோம். உருவங்கள் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. குழந்தைகளின் விளையாட்டுப் பொருளுக்கு இடந்தந்தோர் பலர்.

மறுநாள், “தம்பி, நேற்று நான் அவசரப்பட்டுவிட்டேன். எனக்கும் மடிக்கக் கற்றுக்கொடு” என்றோம். “மூலையோடு மூலை சேர வேண்டும், ஹஜ்ரத்” என்று அவன் ஆசிரியனானான். ‘ஓரி’ என்றால் மடித்தல். ‘கமி’ என்றால் தாள். கத்திரியும் பசையும் இன்றி ஒரே சதுரத்தாளில் உருவாவது ஓரிகமி.

தாளைப் போலவே சொல்லையும் மடித்துச் சுருக்குவது ஹைக்கூ. ஐந்து, ஏழு, ஐந்து என மூன்று வரிகளில் 17 அசைகள். பாரதியார் 1916 இல் ‘சுதேசமித்திரன்’ இதழில் ஜப்பானியக் கவிதையைத் தமிழருக்கு அறிமுகஞ்செய்தார். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்த நம் கவிக்கோ அப்துல் ரகுமான், தமிழில் அவ்வடிவை எழுதிப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர். ஏழு சீரில் குறள் ஓதும் பிள்ளைகளுக்குச் சுருக்கம் புதிதன்று. ஆகவே அசைக்கணக்கை வற்புறுத்தாமல், “வீட்டில் கண்டதை மட்டும் மூன்று வரியில் எழுதுங்கள், அறிவுரை வேண்டா” என்றோம்.

அப்பையன் எழுதினான்:

இரவுப்பணி முடித்த அத்தா உறங்குகிறார்;
சத்தமின்றிப் பெருக்குகிறது
அம்மாவின் துடைப்பம்.

படித்ததும் நெஞ்சு கனத்தது. வீட்டில் உரக்க ஓதிப் பாடத்தைப் பழகுவதில்லை என்று அவனை எத்தனை நாள் கடிந்திருக்கிறோம்! ஒற்றை அறை வீட்டில், பகலில் உறங்கும் தந்தைக்கருகில், அவன் எங்ஙனம் உரக்க ஓதுவான்? நாம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இப்போது அவன் அரைமணி முன்னதாகவே மதரஸாவுக்கு வந்துவிடுகிறான். திண்ணையில் அமர்ந்து வாய்விட்டு ஓதுகிறான். பெற்றோரே, உங்கள் பிள்ளைகளிடமும் ஒரு தாளும் மூன்று வரியும் கேட்டுப் பாருங்கள்.