ஆரஞ்சு மூடி



ஐந்தாம் வகுப்பில் உங்களுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்தவன், சொந்த வீட்டில் அதே கணக்கில் கோட்டை விட்டேன்.

வீட்டுக்காரம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. காலையில் 20 யூனிட் இன்சுலின், நான்தான் போடுவேன். பொங்கலுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த மகன், "ஊசி மெல்லிசு, அம்மாவுக்கு வலிக்காது" என்று ஒரு பெட்டி சிரிஞ்சு கொண்டுவந்தான். வலிக்கவும் இல்லை. ஆனால் மாசியில் சர்க்கரை 300-ஐத் தாண்டியது. சிங்கவரம் ரங்கநாதர் கோயில் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் அளவை 30 ஆக்கினார். அப்போதும் இறங்கவில்லை. "உங்கம்மா எனக்குத் தெரியாமல் இனிப்பு தின்கிறாள்" என்று மகளிடம் போனில் சொன்னேன். வீட்டுக்காரம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தங்கை மகள் லீவில் வந்தாள். ஊசி போடப் போன என்னை, "கொஞ்சம் இருங்க மாமா, குப்பியில என்ன எழுதியிருக்கு?" என்று நிறுத்தினாள். மில்லிக்கு 40 யூனிட். "சிரிஞ்சுல?" 100.

நம் ஊரில் குப்பி மருந்து பெரும்பாலும் 40. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. அமெரிக்காவில் 100 தான் வழக்கம், ஆரஞ்சு மூடி. அந்தச் சிரிஞ்சில் 20 கோடு என்பது 0.2 மில்லி. அதில் எங்கள் மருந்து 8 யூனிட்தான். 30 கோடு வரை இழுத்தாலும் 12. தலைகீழாக, 100 மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 50 யூனிட் உள்ளே போய்விடும். உயிருக்கே ஆபத்து.

உடனே பழைய சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து 30 இழுக்கப் போனேன். என் கையைப் பிடித்துவிட்டாள். "இத்தனை நாள் அத்தைக்குப் போனது 12. திடீர்னு 30 போட்டா சர்க்கரை அடியோட இறங்கிடும். முதல்ல டாக்டரைக் கேளுங்க மாமா." கேட்டோம். 20-லிருந்து தொடங்கச் சொன்னார்.

பிறகு ஒரு வாரம் சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கும் முன்னும் விரல் நுனியில் சோதனை, எல்லாம் நோட்டில். வியர்வை, கைநடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் வந்தால் உடனே பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108.

சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் என்று அவர்களுக்கு முதலிலேயே சொல்லித் தருகிறார்களாம். நான் நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆறரை என்றால் ஆறரை!

நேற்று காலை 142. மகளுக்குப் போன் போட்டு, அன்று சொன்னது தப்பு என்றேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "ஸ்பீக்கர்ல போட்டுச் சொல்லுங்க."