துதிக்கை இழந்த வாள்

மாட்டுங்காவில் உள்ள எங்கள் இல்லத்திற்கு வரும் அன்பர்கள் சுவரில் உள்ள இரு வாள்களைப் பற்றி வினவாமல் செல்வதில்லை. ஒன்று வடுவேதுமின்றி வழவழப்பாக இருக்கும். மற்றொன்றின் கூர்விளிம்பில் பல் விழுந்திருக்கும். முன்னதைப் புகழ்வோரே பலர். அது என் அறியாமையின் நினைவுச் சின்னம் என்பதை இதுவரை நான் எவரிடமும் கூறியதில்லை.

இரண்டும் பிலிப்பைன்ஸ் நாட்டின் தெற்கே, மின்டனாவோ, சூலுத் தீவுகளில் வாழும் இசுலாமிய மக்களின் வாள்கள். ஸ்பானியர் அவர்களை ‘மோரோ’ என்றழைத்தனர்; அப்பெயரே நிலைத்துவிட்டது. முதலாவது ‘கிரிஸ்’. சாவகத்தார் கிரிஸ் குத்துவதற்குரிய குறுவாள். மோரோக்களுடையதோ வெட்டவும் வல்ல, இருபுறமும் கூருடைய பெருவாள். இரண்டாவது ‘பாரோங்’, இலை வடிவமும் தடித்த முதுகும் கொண்டது.

பழைய கொல்லர்கள் இரும்பையும் எஃகையும் அடுக்கி, உலையில் காய்ச்சி, அடித்து ஒட்டி, மடித்து மீண்டும் அடித்து இத்தகைய அலகுகளைச் செய்தனர். அவ்வடுக்குகளே மரத்தின் வரிகளைப் போல அலகின்மேல் ஓடுகின்றன. நம் நாட்டுப் பழைய உருக்கின் வரிகள் மூசையில் உருகிக் குளிர்ந்த கட்டியின் இயல்பிலிருந்து பிறப்பவை; இவையோ சம்மட்டி எழுதியவை.

கப்பல் பொறியாளனாக இருந்த நான், 1984-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பழம்பொருட் கடையில் அந்தக் கிரிஸை வாங்கினேன். சூலு வாள் அமெரிக்கக் கடைக்கு வந்தது வியப்பன்று. 1899 முதல் அத்தீவுகளில் நிலைகொண்ட அமெரிக்கப் படையினர் பலர், வாள்களைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்றனர். வாள் துருவேறிக் கிடந்தது. கப்பலின் பட்டறையில் சாணைச் சக்கரம் இருந்தது. கையில் ஓய்வும் இருந்தது. ஒரே மாலையில் அதைக் கண்ணாடி போலாக்கிப் பெருமிதம் கொண்டேன்.

இரண்டாண்டுகள் கழித்து, சூலுவின் ஹோலோத் தீவைச் சேர்ந்த ஒருவர் எங்கள் இயந்திர அறைப் பணிக்கு வந்தார். வாளை அவரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிடியை ஒட்டிய அகன்ற பகுதியில் விரலை வைத்து எதையோ தேடினார்.

“சீஃப், இங்கே யானைத் துதிக்கை போல ஒரு வளைவு இருந்திருக்கும்” என்றார்.

இருந்தது. துருவின் முரடு என்றெண்ணி நான்தான் அதைத் தேய்த்து நேராக்கியிருந்தேன். அப்பகுதிக்கு மேலே அலகோடு இணைந்த தனித் துண்டு ஒன்று உண்டு. அதன் பெயர் ‘கங்யா’. பழைய வாள்களில் அது உண்மையாகவே தனித் துண்டு. பிற்காலத்தவற்றில் வெறும் கீறல் மட்டுமே. பழமையை அறியும் வழிகளுள் ஒன்று அந்த இணைப்புக்கோடு. அதையும் என் சாணை மழுக்கியிருந்தது.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. செய்முறையைக் கற்றுத் தந்தார். எண்ணெயில் ஊறவைத்துச் செந்துருவை மட்டும் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும்; கருமை படிந்த மேற்பரப்பைத் தொடலாகாது. பிறகு எண்ணெய்ப் பசையை முற்றும் நீக்கி, எலுமிச்சைச் சாற்றைத் தடவ வேண்டும். எஃகு மிகுதியாகக் கறுக்கும்; இரும்பு சாம்பல் நிறத்தில் நிற்கும். சமையற் சோடா கலந்த நீரால் புளிப்பைப் போக்கி, உலர்த்தி, மீண்டும் எண்ணெயிட வேண்டும். நாங்கள் இருவரும் அவ்வாறே செய்தபோது வரிகள் மேலெழுந்து வந்தன. துதிக்கை வரவில்லை. அலகின் உள்ளே ஓடுவது திரும்பி வரும். வடிவில் இழந்தது திரும்பாது.

பாரோங் எனக்குக் கிடைத்தது 1991-இல். உறையின் உட்புறம் ஒட்டிய பழந்தாளில் ‘ஹோலோ, 1906’ என்று பென்சிலால் எழுதியிருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஹோலோவின் புட் டாஹோ என்னும் எரிமலை முகட்டில் அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கான மக்களை, பெண்டிர் குழந்தைகள் உட்பட, அமெரிக்கப் படை கொன்றது. இவ்வாள் அங்கிருந்து வந்ததென்று கூற என்னிடம் சான்றில்லை. ஆயினும் கூர்விளிம்பில் விழுந்த அந்தப் பல்லை அரத்தால் ராவிச் சமன்செய்ய என் கை எழவில்லை. எதன்மேல் பட்டு அது உடைந்ததோ! அதை ஏந்திய கை எவருடையதோ! செந்துருவை மட்டும் நீக்கினேன், வரிகளை எழுப்பினேன், அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பழுது பார்ப்பதென்பது புதிதாக்குவது என்று கருதியிருந்தவன் நான். எவ்விடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அறிவதே அதில் பெரும்பகுதி. அதைக் கற்க ஒரு நல்ல வாளை விலையாகக் கொடுத்தேன்.

இப்போது கண்பார்வை மங்கி வருகிறது. இவ்வாள்கள் மகனிடம் செல்லும். அவனுக்கு எழுதி வைத்திருப்பவை மூன்று: ஆண்டுக்கு இருமுறை எண்ணெயிடு. மெருகேற்றாதே. ஹோலோவிலிருந்து எவரேனும் உரிமையோடு வந்து கேட்டால், பாரோங்கை விலை பேசாமல் கொடுத்துவிடு.