கரிவரதன் கட்டிய வண்டி

பந்தயக் காரை ஓட்டியவரின் பெயர் நிலைக்கிறது. கட்டியவர் 'மெக்கானிக்' என்னும் பொதுச்சொல்லுக்குள் மறைந்துபோகிறார். கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் ஓட்டியவர், கட்டியவரும்கூட.

இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்கள் நடந்த நாள்களில், வெளிநாட்டுக் கார் வாங்க வசதியுள்ளோரே முன்னே நின்றனர். ஆலைத்தொழில் குடும்பத்தவரான கரிவரதனுக்கும் அவ்வசதி இருந்தது. எனினும் 1980களின் இறுதியில் அவர் கைவைத்தது, தெருவெங்கும் ஓடிய மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சினில். அதை ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் பொருத்தினார். ஃபார்முலா மாருதி பிறந்தது. எஞ்சின் பழுதானால் உதிரிபாகம் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் பணம் கொடுத்து வாங்கக்கூடிய வேகம் குறைந்தது. வளைவுக்கு முன் எந்தக் கணத்தில் பிரேக்கை மிதிப்பது என்பது முதன்மை பெற்றது. இதை வெறும் சிக்கனம் என்று எழுதிக் கடப்பது அநீதி.

ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் அவ்வண்டியோடு தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். அதைக் காணக் கரிவரதன் இல்லை. 1995-இல் விமான விபத்தில் இறந்திருந்தார்.

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்தின் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் மட்டும் அதில் இருக்கின்றன.