கழற்றுவதற்கு முன்

மேலே உட்கார்ந்து புல் வெட்டுகிற இன்றைய வண்டிகளைப் பார்த்தவர்கள், ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய தோட்ட டிராக்டரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். இது டிராக்டரேதான், உருவம்தான் சின்னது. கனத்த இரும்புச் சட்டம், வார்ப்பிரும்பு எஞ்சின், கிட்டத்தட்ட 300 கிலோ எடை. பின்னால் ஒற்றைக் கொழுக் கலப்பை மாட்டி உழலாம், முன்னால் தகடு மாட்டிப் பனி தள்ளலாம், வயிற்றுக்கடியில் வெட்டும் தளத்தை மாட்டிப் புல் வெட்டலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நகரத்தை விட்டு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் மனை வாங்கிக் குடிபோன அமெரிக்கர்களுக்காகப் பிறந்த வண்டி. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1960இன் கடைசியில் கப் கேடட் என்ற பெயரில் கொண்டுவந்த முதல் மாடல், அடுத்த மாடல் வருவதற்குள் 60,000க்கு மேல் தயாரிக்கப்பட்டது. அவற்றில் கணிசமானவை இன்னும் யாருடைய கொட்டகையிலாவது நின்றுகொண்டிருக்கின்றன.

நான் இருப்பது விஸ்கான்சினின் தெற்கில். இந்த வண்டிகள் பலவற்றுக்கு இது பிறந்த வீடு. ஹோரிக்கன் என்ற ஊரில்தான் ஜான் டீர் 1963இல் தன் 110 மாடலைச் செய்யத் தொடங்கியது. மிச்சிகன் ஏரிக்கரையில் போர்ட் வாஷிங்டன் என்ற ஒரே சிற்றூரில் போலன்ஸ், சிம்ப்ளிசிட்டி என்று இரண்டு கம்பெனிகள். அதற்கு வடக்கே கோலர் கிராமம். குளியலறைக் குழாயில் நாம் பெயர் பார்க்கிற அதே கோலர்தான். அந்தக் காலத்துத் தோட்ட டிராக்டர்களில் வெளி நிறம் மஞ்சளோ பச்சையோ சிவப்போ, மூடியைத் தூக்கினால் பெரும்பாலும் கோலர் கே வரிசை எஞ்சின்தான் உட்கார்ந்திருக்கும். ஒற்றை சிலிண்டர், பக்கவாட்டு வால்வு. ஒன்றைப் படித்துவிட்டால் மற்றக் கம்பெனி வண்டிகளிலும் கை வைக்கலாம்.

என்னுடையது 1970களின் தொடக்கத்தில் வந்த கப் கேடட் 126. 12 குதிரைத்திறன், மூன்று கியர். கற்றுக்கொடுத்தவர் தெருக்கோடியில் இருக்கும் பெரியவர். ஜேன்ஸ்வில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2008 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் உற்பத்தி நின்றுபோன அந்த ஆலை, 1919இல் தொடங்கியபோது செய்தது சாம்சன் டிராக்டர் என்பதை யார் வந்தாலும் சொல்லிவிடுவார். இங்கே எண்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், நானும் கூப்பிடுகிறேன். தமிழில் எழுதும்போது பெரியவர் என்றுதான் வருகிறது.

ஓடாத வண்டியோடு அவர் முன் போய் நின்றால் ஸ்பேனரைத் தொட விடமாட்டார். "கழற்றுவதற்கு எப்போதும் நேரம் இருக்கிறது. முதலில் அது எதற்காக ஓடவில்லை என்று சொல்" என்பார். பொறி, பெட்ரோல், கம்ப்ரஷன். இந்த மூன்றில் எது இல்லை என்பதைப் பிளக்கைத் தவிர வேறெதையும் கழற்றாமல் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஆயில் அளவு. இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சிறு கரண்டி மாதிரி நீட்டல் இருக்கும். கிராங்க் சுற்றும்போது அது கீழே தேங்கிய ஆயிலில் அடித்து எல்லாப் பக்கமும் தெறிக்கவிடும். அவ்வளவுதான் உயவு ஏற்பாடு. ஆயில் குறைந்தால், அல்லது சரிவான மேட்டில் நெடுநேரம் சாய்ந்தபடி ஓடினால், கரண்டிக்கு எட்டாது. ராடு அலுமினியம், கிராங்கின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறது, நடுவில் தனி பேரிங் இல்லை. காய்ந்தால் பிடித்துக்கொள்ளும்; பிறகு முறிந்து எஞ்சின் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். அப்படி ஓட்டை விழுந்த எஞ்சின் ஒன்றை அவர் பட்டறை மூலையில் வைத்திருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடம் அதன் முன்னால்தான்.

கம்ப்ரஷன் பார்க்கிற விதம் எனக்கு வியப்பாக இருந்தது. எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினால் எதிர்ப்பே தெரியாது. 'பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது, பிரித்து மாட்டவேண்டியதுதான்' என்று யாரும் முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் கேம் ஷாஃப்டில் ஒரு சிறு நெம்பு இருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது அது எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிவைத்து அழுத்தத்தை வெளியே விட்டுவிடும். ஸ்டார்ட் செய்வது சுலபமாக இருக்கட்டும் என்று கோலர்காரர்கள் வைத்த ஏற்பாடு. ஆகவே எஞ்சினை வழக்கமான திசைக்கு எதிராக வெடுக்கென்று சுற்ற வேண்டும். அப்போது நெம்பு வேலை செய்யாது. கை பின்னால் உதறித் தள்ளப்பட்டால் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். என் வண்டி உதறியது. அந்த ஓர் உதறலில் ஹெட்டையும் பிஸ்டனையும் கழற்றுகிற வேலை மிச்சமாயிற்று.

பொறிதான் வரவில்லை. எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி, அதற்குள் பொறிக்கான மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட். கருத்துப்போயிருந்தது. புதியது மாட்டி ஃபீலர் கேஜால் 0.020 அங்குல இடைவெளி வைப்பது யாருக்கும் வரும். பெரியவர் அதைத் தொடக்கம் என்று மட்டுமே ஒப்புக்கொள்வார். பாயிண்ட் திறக்கிற கணத்தில்தான் பொறி விழுகிறது. இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், பொறியும் முந்தும், குறைத்தால் பிந்தும். இடைவெளி வைப்பதும் டைமிங் வைப்பதும் இதில் ஒரே வேலை. ஃபிளைவீலை மூடியிருக்கும் தகட்டில் ஒரு துளை உண்டு. எஞ்சினைக் கையால் சுற்றிக்கொண்டே அதன் வழியாகப் பார்த்தால் 'எஸ்' என்ற குறி வரும். பிஸ்டன் உச்சியைத் தொட 20 டிகிரி இருக்கும் இடம் அது. கம்பியை விலக்கிவிட்டு, மீட்டரைப் பாயிண்ட்டில் இணைத்து, குறி துளையின் நடுவில் வரும்போது மீட்டர் சத்தம் நிற்கிற மாதிரி திருகை நகர்த்த வேண்டும். இறுக்கும்போது திருகு மயிரிழை நகரும், மறுபடியும் முதலிலிருந்து. பெரியவர் நாற்காலியில் காப்பியோடு உட்கார்ந்து மீட்டர் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். எழுந்து வந்து பார்க்கமாட்டார். "பிந்துகிறது" என்பார்; பிந்தித்தான் இருக்கும்.

கார்புரேட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய பெட்ரோல் பிசினாகி உள்ளே துளைகளை அடைத்திருந்தது. இங்கே பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். குளிர்காலம் முழுக்கச் சும்மா நிற்கிற வண்டிக்கு அது விஷம். எத்தனால் கலக்காததைத் தேடி வாங்குகிறோம், விலை கூடுதல்தான்.

செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் ஒன்றேயான ஓர் உருளை, பெல்ட்டோடு முன்னால் தொங்குகிறது. ஸ்டார்ட் ஆகும்வரை அது எஞ்சினைச் சுற்றும். ஸ்டார்ட் ஆனபின் எஞ்சின் அதைச் சுற்றும், பேட்டரிக்கு மின்சாரம் வரும். சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றினால் ஒரு சடங்கு உண்டு: அதன் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் கம்பித் துண்டால் ஒரே ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். உருளைக்குள் இருக்கும் இரும்பில் மிச்சமுள்ள காந்தம் சரியான திசைக்கு வரத்தான் இது. சார்ஜ் ஏறாமல், உருளை கெட்டுவிட்டதென்று தூக்கிப் போடப்பட்டவற்றை ஏலங்களில் பெரியவர் பொறுக்கி வருவார். அவற்றில் சில, கம்பித் துண்டு பட்டதுமே வேலை செய்திருக்கின்றன.

இந்தப் பொழுதுபோக்குக்காரர்களிடையே தீராத சண்டைகள் உண்டு. ஒன்று பேலன்ஸ் கியர் பற்றியது. அதிர்வைக் குறைக்க இந்த எஞ்சின்களுக்குள் கோலர் இரண்டு பல்சக்கரங்களை வைத்தது. வயதான எஞ்சினில் அவற்றின் பேரிங் தேய்ந்து உடைந்தால் எஞ்சினையே நாசமாக்கிவிடும். அதனால் பிரித்து மாட்டுகிறவர்கள் பலர் அவற்றை வெளியே எடுத்துவிட்டு மூடுகிறார்கள். அதிர்வு கூடும், ஸ்டீரிங்கில் தெரியும். எடுத்துவிடுவதே சரி என்பது என் கட்சி. என் எஞ்சின் இன்னும் பிரிக்கப்படவில்லை என்பதால் கட்சி பேச்சோடு நிற்கிறது.

இன்னொன்று பெயிண்ட். தொழிலாளர் தின வார விடுமுறையில் எட்ஜர்டன் அருகே ராக் ரிவர் த்ரெஷரி என்ற பழைய இயந்திரக் கூட்டம் நடக்கும். நீராவி எஞ்சின்களைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. நாங்கள் சின்ன வண்டிகள் நிற்கும் வரிசைக்குப் போவோம். கண்ணாடிபோலப் பளபளக்கிற மஞ்சளும் வெள்ளையுமான கப் கேடட்கள் ஒருபுறம். எண்ணெயும் சிராய்ப்புமாக வேலை செய்த உடம்போடு நிற்பவை இன்னொருபுறம். பெரியவருக்குப் பளபளப்பு பிடிக்காது. அப்படிப் பெயிண்ட் அடித்தவன் அதைப் பனிக்கும் உப்புக்கும் வெளியே எடுக்கமாட்டான் என்பது அவர் வாதம். நான் பாதி ஒத்துப்போகிறேன். மூடியில் இருக்கும் பழைய பெயிண்டையும் எழுத்தையும் தொடவில்லை. ஆனால் பேட்டரித் தட்டை ஆசிட் தின்றிருந்தது. அதை அப்படியே விடுவதில் எந்தப் பெருமையும் இல்லை. பிளாஸ்டிக் தொட்டியில் சலவை சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜர், நேர்முனைக்குப் பழைய இரும்புத் துண்டு என்று வைத்து மின்சாரத்தாலேயே துருவை எடுத்தேன். துருப்பிடிக்காத எஃகை மட்டும் நேர்முனையாகப் போடக்கூடாது. நஞ்சான குரோமியம் தண்ணீரில் கலந்துவிடும். ஹைட்ரஜனும் வெளிவருவதால் கதவைத் திறந்துவைத்துத்தான் செய்ய வேண்டும். பிறகு தட்டுக்குக் கறுப்புப் பெயிண்ட் இரண்டு பூச்சு.

வண்டி இப்போது ஓடுகிறது. வாசல் பாதையின் பனியையும் பெரியவர் வீட்டுப் பாதையின் பனியையும் தள்ளுகிறது. ஸ்டீரிங்கில் மட்டும் ஆட்டம் அதிகம்; நேரே போக வேண்டுமானால் சக்கரத்தை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டீரிங் பெட்டியை வெளியே எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன். அவர் என்னை மேலே உட்காரவைத்து ஸ்டீரிங்கை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பச் சொன்னார். தான் தரையில் அட்டை விரித்துப் படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் வைத்துப் பார்த்தார். ஆட்டத்தில் பெரும்பகுதி டை ராடின் இரண்டு முனைகளிலும் இருக்கும் பந்து மூட்டுகளில். ஆர்டர் போட்டிருக்கிறேன், பெட்டியைப் பற்றி அவை வந்து மாட்டிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்கிறார்.