நாற்காலி போட்டு எடுத்த படம்

எங்கள் தெருவில் செத்துப்போனவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் முழிப்பார்கள். கண் விரிந்து, உதடு இறுகி, கழுத்து கொஞ்சம் பின்னால் போய். எந்த வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தாலும் இந்த முழிதான். காரணம் ரொம்பச் சாதாரணம். எல்லாமே வாக்காளர் அட்டைக்கு எடுத்த படம்.

1993ல், டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, போட்டோ ஒட்டிய வாக்காளர் அட்டை கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் தெருக் கிழவிகள் பலபேர் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கேமரா முன்னால் உட்கார்ந்தார்கள். அப்பாயி சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். "ஆடாத கெழவி, நேராப் பாரு, அடுத்தாளு" என்று அதட்டல். ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிசம்தான் அப்பாயியின் மொத்தப் படம்.

அப்பாயி காலமானதும் தபால்தலை அளவு முகத்தை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசு பண்ணச் சொன்னோம். படத்திறப்பு அன்றைக்கு வந்து இறங்கியது. சிவப்புப் பட்டு, பச்சை ரவிக்கை, கழுத்தில் காசுமாலை. அப்பாயி கடைசிவரை ரவிக்கை போட்டதில்லை. போடக்கூடாது என்று வைத்திருந்த காலத்தில் வயலில் இறங்கிய உடம்பு. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று ஆனபோது அதற்குப் பழக்கமில்லை. கழுத்துக்கு மேலே அப்பாயி, கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு பணக்காரப் பொம்பளை. அம்மா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரு ஒடம்புடா இது?" என்று கேட்டது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிற என் அண்ணன், போன அரையாண்டுப் பரீட்சை லீவுக்குப் பிள்ளைகளோடு ஊருக்கு வந்தபோது, வேன் பிடித்துத் தஞ்சாவூர், வேளாங்கண்ணி போகலாம், கூடவே ஒரு போட்டோகாரரையும் நாள் கூலிக்குப் பேசி அழைத்துப் போகலாம் என்றது. கல்யாணமா காட்சியா, எதுக்கு இந்த வெட்டிச் செலவு என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "செல்லுல ஆயிரம் படம் கெடக்கு. செவுத்துல ஒண்ணு இருக்கா?" என்று அண்ணன் கேட்டது. யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

முதலில் பேசிய ஸ்டுடியோக்காரர் போனில் எந்த ஊர் என்றார், சொன்னோம். எந்தத் தெரு என்றார், சொன்னோம். அன்றைக்கு வேறு புக்கிங் இருப்பது அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாவதாகக் கிடைத்தவர் சின்ன வயசுத் தம்பி. தெருவைக் கேட்கவில்லை. எத்தனை பேர், எத்தனை பிரிண்ட் என்று மட்டும் கேட்டார். மூவாயிரம் ரூபாய், சாப்பாடு தனி.

பெரிய கோயிலில் முக்காலி நிறுத்த வேண்டுமென்றால் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். அதனால் தம்பி கையில் பிடித்தே எடுத்தார். பிள்ளைகளை நந்திப் பக்கம் நிறுத்தினார். நான் கோயில் அடித்தளத்துக் கல்வெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எம்.ஏ. தமிழ் படித்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு. எழுத்தைக் கண்டால் கால் நின்றுவிடும்.

இந்தக் கல்வெட்டுகளுக்குப் போட்டோ எடுத்த கதை ஒன்று இருக்கிறது. மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகாரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858ல் இங்கே வந்து, கல்லில் வெட்டிய எழுத்தை வரிசையாகப் படம் எடுத்தார். 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். கல்லுக்கு அவ்வளவு மரியாதை. அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது? ராசராசன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கு இருக்கிறது. அதில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரி இல்லாமல் கழித்த நிலங்களின் வரிசையில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. ஆயிரம் வருசத்துக்கு முன்னால் நம்மைப் பதிவு செய்திருக்கிறார்கள், கழித்தல் கணக்கில். சோழர் பெருமை பேசுகிற நம் தமிழாசிரியர்கள் இந்த வரிக்கு வந்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். வெள்ளைக்காரனின் கேமரா கோயிலுக்குள் போனது 1858ல். தஞ்சை அரண்மனைப் பொறுப்பில் இருந்த கோயில்கள் எங்களுக்குத் திறந்தது 1939ல். கேமராவுக்குப் பின்னால் 81 வருசம் கழித்து எங்கள் கால் போயிருக்கிறது.

நம்மைப் படம் எடுக்காமலும் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் கையில் அளவுகோலோடு மூக்கையும் மண்டையையும் அளந்துகொண்டு திரிந்தார். ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909ல் தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார். அதில் படங்கள் உண்டு. பெரும்பாலும் படத்துக்குக் கீழே ஆளின் பெயர் இருக்காது, சாதியின் பெயர்தான் இருக்கும். அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், அவளைக் கூப்பிட ஒரு பிள்ளை இருந்திருக்கும். தர்ஸ்டனுக்கு அது வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் இதேதான் நடந்தது. 1850ல் தென் கரோலினாவில், லூயி அகாசி என்ற ஹார்வர்டு பேராசிரியருக்காக, ரெண்டி என்ற கறுப்பு அடிமையையும் அவர் மகள் டெலியாவையும் துணியை உருவி நிறுத்திப் படம் எடுத்தார்கள். கறுப்பர் தாழ்ந்த பிறவி என்று நிரூபிக்க வேண்டுமாம். ரெண்டி தன் மூதாதை என்று சொல்லி டமாரா லானியர் என்ற பெண் 2019ல் ஹார்வர்டு மேல் வழக்குப் போட்டார். 2025ல் சமரசமாகி, அந்தப் படங்களைத் தென் கரோலினாவில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அதே காலத்தில் அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ் தன் காசில், தன் கோட்டில், ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போய் உட்கார்ந்தார். ஏறக்குறைய 160 படங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த நூற்றாண்டில் அமெரிக்காவிலேயே அதிகம் படம் எடுக்கப்பட்டவர் அவர்தான் என்கிறார்கள். எசமானுக்குப் பல்லைக் காட்டுகிற கறுப்பனைத்தான் வெள்ளைக்காரன் வரைந்துகொண்டிருந்தான். டக்ளஸ் அநேகமாக ஒரு படத்திலும் சிரிக்கவில்லை.

நம் கதைக்கு வருகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் தாண்டி நாகப்பட்டினம் சாலையில் வேன் போய்க்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கிப் பச்சையாக நின்றது. போட்டோகாரத் தம்பி வேனை நிறுத்தச் சொன்னார். "சூப்பர் லொக்கேஷன்க்கா. எல்லாரும் வரப்புல வரிசையா நில்லுங்க, அம்மா கையில ஒரு கதிர் அருவாளக் குடுத்தா இன்னும் நல்லாருக்கும்" என்றார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. இப்போது டெல்டா முழுக்க இதுதான் தொழில். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வயலில் இறக்கி, டிராக்டர் மேல் ஏற்றி, பெண் கையில் நாற்று முடி கொடுத்து எடுக்கிறார்கள். நிஜமாக நடவு நடுகிற பெண்கள் பின்னால் மங்கலாகத் தெரிவார்கள். அப்படி மங்கினால்தான் படம் எடுப்பாக வருமாம்.

அம்மா வேனை விட்டே இறங்கவில்லை.

"இந்த வரப்புல நான் நின்ன நாளுக்கெல்லாம் கூலி வாங்கியிருக்கேன் தம்பி. இன்னைக்கி ஒனக்குக் காசையும் குடுத்துட்டு நிக்கணுமா?"

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப எப்படிம்மா எடுக்கணும்?"

"நாக்காலி போடு. ஒக்காந்து எடு."

அவ்வளவுதான் அம்மாவின் கோரிக்கை. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு விளக்கம் வேண்டாம். மிராசுதார் வீட்டுக் களத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்துவதற்கே 1940களில் பி.சீனிவாசராவ் போன்றவர்கள் வந்து சங்கம் கட்ட வேண்டியிருந்தது. 1952ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலிக்குச் சட்டம் வந்தது. நாற்காலிக்கு எந்தச் சட்டமும் வரவில்லை. அம்மா முதன்முதலில் நாற்காலியில் உட்கார்ந்தது ஆசுபத்திரியில், அதுவும் ஓரமாக.

வேளாங்கண்ணிக் கடற்கரையில் ஒரு டீக்கடையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கினோம். டீ குடித்தால் போதும், நாற்காலிக்குக் காசு வேண்டாம் என்றார் கடைக்காரர். யார் எங்கே உட்காருவது, யார் நிற்பது என்று பிள்ளைகள் சண்டை போட, அண்ணன் செல்லில் ஒரு படத்தை எடுத்துத் தம்பியிடம் காட்டியது. 1934 பிப்ரவரியில் பம்பாய் தாதர் ராஜகிருகத்தில் எடுத்த அம்பேத்கர் குடும்பப் படம். மகன் யஷ்வந்த், அம்பேத்கர், மனைவி ரமாபாய், அண்ணன் மனைவி லட்சுமிபாய், அண்ணன் மகன் முகுந்த், அப்புறம் டோபி என்ற நாய். கையில் அரசியல் சட்டம் இல்லை, நீட்டிய விரல் இல்லை. வீட்டு ஆளாக இருக்கிறார். அடுத்த வருசம் மே மாதம் ரமாபாய் இறந்துபோனார். ஒரு போட்டோகாரரைக் கூப்பிட்டு எல்லாரையும் ஒன்றாக நிறுத்தாமல் விட்டிருந்தால் அந்த வீட்டை நாம் இப்படிப் பார்த்திருக்க மாட்டோம். "இந்த மாதிரி எடுங்க தம்பி, யாரும் யாருக்கும் பயப்படாத மாதிரி" என்றது அண்ணன். நம்மகிட்ட நாய் இல்லையே என்று சின்னவள் அழுதாள்.

நாற்காலிக் கால் மணலில் புதைந்தது. அம்மா ஒரு காலை இன்னொரு காலுக்கு மேல் போட்டது, எடுத்தது, மறுபடி போட்டது. "சிரிங்கம்மா" என்றார் தம்பி. "எப்ப வருதோ அப்ப எடுத்துக்க" என்றது அம்மா. அரை மணி நேரம் ஆனது. தம்பி அவசரப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பாயிக்குக் கிடைக்காத அரை மணி நேரம்.

நான் அன்றைக்குக் கொஞ்சம் மனசு சரியில்லாமல்தான் இருந்தேன். இரண்டு நாள் முன்னால், டிசம்பர் 25ல், கீழ்வெண்மணிக்குப் போய்த் திரும்பியிருந்தேன். வருசா வருசம் போகிறோம். 1968ல் ராமய்யாவின் குடிசையில் வைத்துக் கொளுத்திய 44 பேரின் பெயரை நினைவிடத்தில் நின்று படிக்கிறோம். பெயர் தெரியும்; வயசு தெரியும். வெண்மணி என்றதும் கண்ணில் வருகிற படம் எது? எரிந்த குடிசைதான், சாம்பல்தான். மேலவளவு என்றாலும் அப்படித்தான், தாமிரபரணி என்றாலும் அப்படித்தான். பத்திரிகைக்காரர்கள் நம் தெருவுக்குக் கேமராவோடு வருகிற நாள் எது என்று எல்லாருக்கும் தெரியும். பிணம், ஒப்பாரி, ஆறுதல் சொல்ல வந்த அமைச்சர். அந்தப் படங்களும் வேண்டும், சாட்சிக்கு வேண்டும். ஆனால் செத்தவள் போன பொங்கலுக்கு எப்படிச் சிரித்தாள் என்பதற்கும் ஒரு சாட்சி இருக்க வேண்டாமா?

பத்து நாள் கழித்துத் தம்பி மாதிரிப் படத்தைச் செல்லுக்கு அனுப்பினார். எல்லார் முகத்திலும் மாவு பூசியது போல வெளுப்பு. அண்ணன் மகள் பார்த்துவிட்டு, "அப்பாயி ஏன் டிவியில வர்றவங்க மாதிரி இருக்கு?" என்றாள். அம்மா கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. "என்னைய வெளுத்துட்டானா?"

நான் போன் போட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான்க்கா குடுப்போம், கறுப்பாக் குடுத்தா சண்டைக்கு வருவாங்க" என்றார் தம்பி. பொய்யில்லை. வெளுப்புக்குக் காசு கொடுக்கிற சனம் நம்மிலும் இருக்கிறது. இந்த வெளுப்பு இவர் கண்டுபிடித்ததும் இல்லை. கலர் பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி லேப்களுக்கு ஒரு அட்டை அனுப்பும். ஷெர்லி அட்டை என்று பேர். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். அவள் தோல் சரியாக விழுந்தால் எந்திரம் சரி. கறுத்த முகங்கள் அதில் இருளடைந்து போகும், கண்ணும் பல்லும்தான் தெரியும். எந்திரத்தின் கோளாறை முகத்தின் கோளாறு என்று நம்மை நம்பவைத்தது அந்த அட்டை. முன்னே இருட்டாக்கினார்கள், இப்போது வெளுக்கிறார்கள். "இருக்கிற நெறத்தக் குடுங்க தம்பி, கூடவும் வேண்டாம் கொறையவும் வேண்டாம்" என்றேன். மறுபடி செய்து அனுப்பினார். அம்மா கழுத்துச் சுருக்கம், வெயிலில் வெந்த நெற்றி, நடவில் தேய்ந்த விரல் நகம், எல்லாம் அதில் இருந்தது.

12க்கு 18 சைசில் மூன்று பிரிண்ட் போட்டோம். ஒன்று திருப்பூருக்கு, ஒன்று மதுராந்தகத்தில் கட்டிக்கொடுத்த தங்கைக்கு, ஒன்று வீட்டுக்கு. கண்ணாடி போடுவதற்கு முன்னால் பின்பக்கம் பெயரெல்லாம் எழுதினேன். பேனாவில் எழுதினால் ஈரம் பட்டதும் ஊறிவிடும், பென்சில்தான் நிற்கும். 2018 நவம்பர் 16ல் கஜா புயல் கூரையைத் தூக்கிப்போட்டபோது தெருவில் மிச்சமிருந்த படங்களையெல்லாம் வெயிலில் காயவைத்தோம். பல படங்களில் முகம் கரைந்து போயிருந்தது. பின்னால் பெயரும் எழுதியிருக்கவில்லை. இது எந்த வீட்டுக் கிழவி என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"எம் பேர மொதல்ல எழுது, பெருசா எழுது" என்றது அம்மா. எழுதினேன். ஊர், தேதி, இடம் எழுதினேன். படம் எடுத்த தம்பி பெயரும் இருக்கிறது. இனி ஆணி அடிக்க வேண்டும். மழைச் சாரல் படாத சுவர் எங்கள் வீட்டில் ஒன்றுதான், அதில் இப்போது காலண்டர் தொங்குகிறது.