மந்திரமும் எந்திரமும்

"மந்திரத்தால் மாங்காய் விழுமா?" என்று கேட்பது நம் நாட்டுப் பழமொழி. விழாது என்பதே அதன் விடை. ஆயினும், நள்ளிரவில் நம் நண்பர்களின் விடுதி அறைகளை எட்டிப் பாருங்கள். கணிப்பொறித் திரையிலே மாங்காய் மட்டுமா விழுகிறது? மலையே விழுகிறது! கோட்டை இடிகிறது, மாண்டவன் மீள்கிறான். பகலெல்லாம் சோதனைச் சாலையில் அளவுகருவியும் கையுமாக நிற்கும் நாம், இரவு வந்ததும் மந்திரக்கோலைக் கையில் எடுத்துக்கொள்கிறோம். இந்த விளையாட்டு உலகங்களில் மந்திரம் என்பது எது? எந்திரம் என்பது எது? அவை எங்கே பிரிகின்றன, எங்கே கூடுகின்றன? பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில் எனக்குத் தோன்றியதை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

நம் மொழி இவ்விரண்டையும் அருகருகே வைத்திருக்கிறது. செப்புத் தகட்டில் கட்டம் கீறி எழுத்துப் பொறித்து நிலைப்படியில் மாட்டுவதும் எந்திரந்தான். ஆலையில் ஓடுவதும் எந்திரந்தான். பெயர் ஒன்று, பொருள் வேறு. அந்த வேறுபாட்டை நம் பழங்காப்பியங்கள் இரண்டிலே தெளிவாகக் காணலாம்.

மணிமேகலை வானில் பறக்கிறாள். சீவக சிந்தாமணியில் வரும் விசயை என்னும் அரசியும் வானில் பறக்கிறாள். மணிமேகலைக்குப் பறக்கும் ஆற்றலைத் தந்தது, மணிமேகலா தெய்வம் அவளுக்கென்று அருளிய மந்திரம். அது எவ்வாறு வேலை செய்கிறது என்று அவளும் கேட்கவில்லை, சாத்தனாரும் சொல்லவில்லை. விசயை ஏறிச் சென்றதோ ஒரு மயிற்பொறி. துணி, நூல், அரக்கு, மெழுகு முதலியவற்றைக் கொண்டு ஏழு நாளில் ஒரு தச்சன் அதைச் செய்தான் என்கிறார் திருத்தக்கதேவர். வலப்புறம் திருகினால் மேலே எழும். இடப்புறம் திருகினால் கீழே இறங்கும். அரசி அதை ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். பறப்பது இரண்டு இடத்திலும் வியப்புத்தான். ஆனால் மந்திரம், "நீ யார்?" என்று கேட்கிறது. எந்திரம், "உனக்குத் திருகத் தெரியுமா?" என்று மட்டும் கேட்கிறது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு விளையாட்டு உலகங்களுக்குள் நுழைவோம். 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டில் மந்திரவாதி ஏட்டைப் புரட்டிப் படிக்கிறான், மனப்பாடம் செய்கிறான், நாளொன்றுக்கு இத்தனை மந்திரம் என்ற கணக்குக்கு உட்படுகிறான். தேர்வுக்குப் படிக்கும் நமக்கும் அவனுக்கும் என்ன வேற்றுமை? பெயரளவில் மந்திரம், நடைமுறையில் அது கல்வி. 2000-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பிலே இன்னொரு வகையினன் சேர்ந்தான். அவனுக்கு ஏடு வேண்டாம். ஆற்றல் அவன் குருதியிலேயே பிறந்தது. முதலாமவன் கற்றவன்; இரண்டாமவன் பிறப்பால் பெற்றவன். 1994-இல் ஜப்பானில் வெளிவந்த 'ஃபைனல் ஃபேண்டஸி' ஆறாம் பாகத்திலோ, ஒரு பேரரசு மாய உயிர்களைச் சிறைப்பிடித்து, அவற்றின் ஆற்றலைப் பிழிந்து, போர் எந்திரங்களுக்கு ஊட்டுகிறது. பிழியவும் அடைக்கவும் முடிந்துவிட்டால் மந்திரமும் நிலக்கரியைப் போல ஓர் எரிபொருள்தானே!

இரண்டையும் பகைவர்களாகவே படைத்த விளையாட்டும் உண்டு. 2001-இல் வெளிவந்த 'ஆர்க்கானம்' அது. எந்திரம் இயற்கை விதியை நம்பி ஓடுகிறது. மந்திரம் அந்த விதியையே வளைக்கிறது. ஆகவே ஒன்றன் அருகில் மற்றொன்று பழுதாகும். அங்கே பெரிய மந்திரவாதியை ரயிலில் ஏற்ற அஞ்சுவார்கள்!

ரயில் என்றதும் எனக்கு லாலாகுடா நினைவுக்கு வராமல் இருக்குமா? தஞ்சை மாவட்டத்திலிருந்து மேற்படிப்புக்கு வந்த நான் அங்கேதான் என் மாமாவின் வீட்டில் தங்கியிருக்கிறேன். நிஜாம் ரயில்வேயின் காலத்தில், 1893-இல் தொடங்கிய ரயில் பெட்டிப் பணிமனையில் மாமா ஃபிட்டர் வேலை பார்க்கிறார். ஓடிக் களைத்து வரும் பெட்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, பிரேக்கையும் சுருள்வில்லையும் சோதித்து, மீண்டும் பூட்டி அனுப்புவது அங்கே நடக்கும் வேலை.

மாமா அங்கே வந்து சேர்ந்ததற்கு ஒரு கதை உண்டு. எங்கள் ஊரில் தேள்கடிக்கு மந்திரிப்பவர் ஒருவர் இருந்தார். அதைக் கற்றுக்கொள்ள என் பாட்டனார் ஆசைப்பட்டார். "பரம்பரைக்கு வெளியே சொன்னால் பலிக்காது" என்று அவர் மறுத்துவிட்டார். பாட்டனார் தம் மகனைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே, "உன் பாட்டன் யார்?" என்று எவரும் கேட்கவில்லை. அந்தக் கதவு திறந்திராவிட்டால் மாமா லாலாகுடாவுக்கு வந்திருக்க மாட்டார். நானும் இந்தப் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்திருக்க மாட்டேன்.

தமிழில் கற்ற தொழிலை மாமா இன்று தெலுங்குப் பிள்ளைகளுக்குத் தெலுங்கிலே சொல்லிக்கொடுக்கிறார். மந்திரத்திலே ஓர் எழுத்து மாறினாலும் பலிக்காது என்பார்கள். தொழிலறிவோ மொழி விட்டு மொழி மாறினாலும் வண்டி ஓடுகிறது! மொழி தெரியாத ஊரில் பிழைக்க வந்தவனுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் ஏது?

1956-இல் இலங்கையில் குடியேறி 2008-இல் கொழும்பில் மறைந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், மிக முன்னேறிய தொழில்நுட்பத்தை மந்திரத்திலிருந்து பிரித்தறிய முடியாது என்ற கருத்தை நிலைநாட்டினார். வெளியே நின்று பார்ப்பவன் கண்ணுக்கு அது உண்மை. உள்ளே கை வைக்கத் துணிந்தவனுக்கு? இதை மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "பூட்டினவன் ஒரு மனுஷன்னா, பிரிக்க இன்னொரு மனுஷனால முடியாதா மாப்பிள்ளை?" என்றார்.

ஆனால் இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியை மாமாவாலும் எளிதில் பிரிக்க முடிவதில்லை. மின்கலத்தைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். "திறந்தால் உத்தரவாதம் கிடையாது" என்கிறார்கள். "சொன்னால் பலிக்காது" என்ற பழைய குரலின் எதிரொலி அன்றோ இது? கேட்ட கேள்விக்கெல்லாம் விடை எழுதித் தரும் செயற்கை அறிவும் வந்துவிட்டது. விடையை எடுத்துக்கொள்கிறோம்; அது பிறந்த வழியைக் கேட்பதில்லை. எந்திரம் இப்படித்தான் மெல்ல மெல்ல மந்திரமாகிறது. மூடிக்கொண்ட பொருளை வணங்கலாம், அல்லது அஞ்சலாம், திருத்த முடியாது.

அப்படியானால் மந்திரத்திடம் கற்க ஒன்றுமே இல்லையா? உண்டு. ஆபுத்திரன் கையிலிருந்த அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். ஆனால் பசித்தவர் எவரும் இல்லாத தீவிலே அதை வைத்துக்கொண்டு தான் மட்டும் உண்ண அவன் மனம் ஒப்பவில்லை. பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு உயிரையும் விட்டான். "யார் பசிக்கு?" என்ற கேள்வி அந்த மந்திரப் பாத்திரத்தோடு பிறந்தது. எந்திரத்துக்கு அந்தக் கேள்வி தெரியாது. மன்னனைக் காக்கும் கையும் திருகலாம். மாய உயிர்களைப் பிழியும் கையும் திருகலாம். எனவே கேள்வியை நாம்தாம் கேட்க வேண்டும்.

அன்பர்களே! இரவில் மந்திரக்கோலை ஏந்துங்கள், தடையில்லை. நானும் ஏந்துகிறேன். விடிந்ததும் மட்டும் ஒன்றை மறவாதிருப்போம். நாம் பயிலும் விஞ்ஞானம் நம் குலச்சொத்து அன்று; எவரோ மறைக்காமல் சொல்லித் தந்ததால் நம்மிடம் வந்தது. அடுத்த ஆண்டு ஊரிலிருந்து புதிதாய் வந்து, மொழி தெரியாமல், சோதனைச் சாலை வாயிலில் தயங்கி நிற்கும் தம்பிக்கும் தங்கைக்கும் நாம் கற்றதைத் திறந்து காட்டுவோம். சொன்னால் பலிக்காதது மந்திரம். சொல்லச் சொல்லப் பலிப்பது அறிவு.